பாலம் தாண்டிப் போன ரூட்டர்

சின்ன விசிறி ஒன்று சுழலத் தொடங்கும் சத்தம் அது. முதலில் ஒரு முனகல். பிறகு தொண்டையைச் செருமுகிற மாதிரி ஒரு கரகரப்பு. அப்புறம் ஒரே சீராக மூச்சு. போன மாதம் ராமநாதபுரத்தில், பழைய மின்சாமான்களைப் பிரித்து விற்கிற கடை வாசலில் வேறெதற்கோ நின்றுகொண்டிருந்தேன். உள்ளே யாரோ எதையோ சோதித்துப் பார்க்க ப்ளக்கைச் செருக, அந்தச் சத்தம் வந்தது. எட்டிப் பார்க்கத் தேவைப்படவில்லை. பழைய ரூட்டர். வாங்க வந்ததை வாங்காமலே பேருந்து நிலையம் வரைக்கும் நடந்துவிட்டேன். நடந்துகொண்டே சிரித்திருக்க வேண்டும். எதிரே வந்த ஒருவர், யாரென்று தெரியாமலே, பதிலுக்குச் சிரித்துவிட்டுப் போனார்.

அந்தச் சத்தத்தை முதன்முதலாகக் கேட்ட காலத்தில் நான் ராமநாதபுரத்தில் ஒரு மாடியறையில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்திக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பம் உத்தரகோசமங்கைப் பக்கம், விவசாயம். எனக்கு வயலிலும் கால் நிற்கவில்லை, மாடியிலும் நிற்கவில்லை. ஜன்னலோரம் போய் நிற்பேன், திரும்பி வருவேன், மறுபடி போவேன். என் சிநேகிதன் தொண்டிக்காரன். பாலிடெக்னிக்கில் இரண்டு பேருக்கும் ஒரே பெஞ்சு. படிப்பு முடிந்ததும் நான் மாடி ஏறினேன், அவன் விமானம் ஏறினான்.

சவுதியில் அவன் பார்த்தது கேபிள் இழுக்கிற வேலை. காகிதத்தில் நெட்வொர்க் டெக்னீசியன். கையில் கேபிள் சுருளும் அலுமினிய ஏணியும். மொட்டை மாடியில், கண்ணாடிக் கட்டடங்களின் முதுகில், ஆளைத் தோசை மாதிரி திருப்பிப் போட்டுச் சுடுகிற வெயிலில். அந்தத் தடவை அவன் விடுமுறைக்கு வந்தபோது ஒப்பந்தமும் முடிகிற கட்டம். இழுக்கிற ஆட்களைக் குறைக்கப் போகிறார்கள் என்று பேச்சு. மேலே இருந்த எஞ்சினியர் ஒரே ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தார். திரும்பி வந்ததும் என் முன்னால் உட்கார்ந்து இரண்டு ரூட்டரை நேருக்கு நேர் இணைத்து ஃபிரேம் ரிலே ஓட்டிக் காட்டு, புத்தகம் பார்க்கக் கூடாது, ஓடினால் உள்ளே வேலை, ஓடாவிட்டால் ஊருக்குப் போ.

ரூட்டர் என்பது ஓர் ஊரின் கம்ப்யூட்டர்களை இன்னோர் ஊரின் கம்ப்யூட்டர்களோடு பேச வைக்கிற தகரப் பெட்டி. ஃபிரேம் ரிலே என்பது அவை பேசிக்கொள்கிற பழைய முறைகளில் ஒன்று. அந்த முறையில் இரண்டு பெட்டிக்கும் நடுவே தொலைபேசிக் கம்பெனியின் சுவிட்ச் ஒன்று உட்கார்ந்திருக்கும், கல்யாணத் தரகர் மாதிரி. இந்தப் பக்கம் சொல்வதை வாங்கி அந்தப் பக்கம் கொடுக்கும். உலகம் அந்த முறையை விட்டு நகர்ந்துகொண்டிருந்த காலம். ஆனால் அவன் கம்பெனியின் வாடிக்கையாளர் ஒருவரிடம் இன்னும் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. பட்டறையில் வைத்துச் சோதிக்கத் தனியாக சுவிட்ச் கிடையாது. அதனால் தரகர் இல்லாமல், ஒரே கேபிளில், முகத்துக்கு முகம்.

அதற்காக அவன் அங்கேயே பழைய சந்தையில் ஒன்றுபோல இரண்டு ரூட்டர் வாங்கி, போர்வைக்குள் சுற்றிப் பெட்டியில் அடைத்துக் கொண்டுவந்திருந்தான். விடுமுறை முழுக்க வீட்டில் உட்கார்ந்து பழகிக்கொள்ளலாம் என்று கணக்கு.

கணக்கு, பெட்டி பிரிக்கிற அன்றே தப்பிவிட்டது.

அந்தக் கரையோர ஊர்களில் சபுராளி, அதாவது வெளிநாட்டுக்குச் சம்பாதிக்கப் போனவன், வீடு வந்தால் பெட்டி பிரிப்பது ஒரு சடங்கு மாதிரி. சொந்தம் எல்லாம் பாயில் உட்கார்ந்துவிடும். சோப்பு ஒரு பக்கம், தைலம் ஒரு பக்கம், பிஸ்தா ஒரு பக்கம். யாருக்கு எது என்று முடிவு செய்வது கொண்டுவந்தவன் இல்லை, அவன் உம்மா. பயணக் களைப்பில் இவன் உள்ளறையில் தூங்கிவிட்டான். பாம்பனில் கட்டிக்கொடுத்திருந்த லாத்தாவும், அவளுடைய மாமியாரும் வந்திருந்தார்கள். லாத்தா என்றால் அவனுடைய அக்கா. போர்வையைப் பிரித்தால் கறுப்பாக, தட்டையாக, பளபளவென்று ஒன்றுபோல இரண்டு. உம்மா யோசிக்கவே இல்லையாம்.

இவன் கண் விழித்தபோது ஒன்று பாம்பன் பாலம் தாண்டிப் போயிருந்தது.

எனக்கு போன் வந்தது.

"மாப்ள, ஒன்னு பாம்பன் போயிருச்சு."

"எது போயிருச்சு?"

"ரூட்டருலே. உம்மா தூக்கி லாத்தாவோட மாமி கைல குடுத்துட்டாங்க. டிவிடி பிளேயருன்னு நெனச்சு."

நான் சிரித்தேன். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

"சிரிச்சு முடிச்சிட்டியா?" என்றான். "முடிச்சிட்டுச் சொல்லு. நான் அதுக்குள்ள போயி உங்க வயல்ல எனக்கு வேல இருக்கான்னு கேட்டு வைக்கிறேன்."

திருப்பிக் கேட்பதுதானே என்று கேட்டேன். அங்கேதான் சிக்கல். சம்பந்தி வீட்டுக்குக் கொடுத்த பொருளைத் திருப்பிக் கேட்பதா? உம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்கள். "கைல குடுத்தத வாங்கிட்டு வந்தா எம் மக அங்கன எந்த மொகத்தோட சோறு திம்பா? வேணும்னா பக்குவமா சொல்லி விடுவோம்."

பக்குவமாகச் சொல்லிவிடுவது என்றால் என்ன தெரியுமா. உம்மா லாத்தாவிடம் போனில் சொன்னார்கள். லாத்தா மாமியாரிடம் நேரே சொல்லாமல், கத்தாரில் இருந்த தன் வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் தன் உம்மாவிடம் நேரம் பார்த்துச் சொல்கிறேன் என்றார். ஒரே அடுக்களையில் நிற்கிற இரண்டு பெண்களுக்கு நடுவே ஒரு சேதி அரபிக்கடலைத் தாண்டிப் போய்த் திரும்ப வேண்டியிருந்தது. போனது, திரும்பவில்லை. உம்மா லாத்தாவைக் கேட்பார்கள், லாத்தா அவரைக் கேட்பாள், அவர் "பாக்கலாம்" என்பார். விடுமுறை உப்பு மாதிரி கரைந்துகொண்டிருந்தது.

அதுவரை சும்மா இருக்க வேண்டாமே என்று என் சென்டருக்கு வந்தான். கம்ப்யூட்டரிலேயே ரூட்டர் ஓடுவதுபோலக் காட்டுகிற ஒரு பொம்மை மென்பொருள் என்னிடம் இருந்தது. உண்மையான ரூட்டரை நான் அதற்குமுன் தொட்டதுகூட இல்லை. அந்தப் பொம்மையில் எப்போதும் நடுவில் ஒரு மேகப் படம் வரைந்திருக்கும், அதுதான் சுவிட்ச். எந்தப் பாடத்தைத் திறந்தாலும் மேகம். அவன் அந்த மேகத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவான். "இது மழ பெய்யாது மாப்ள. எனக்குக் கம்பி வேணும், கைல புடிச்சுப் பாக்கணும்."

ஒருநாள் காலையில் தொண்டிப் பேருந்திலிருந்து நேரே மாடியேறி வந்தான். தோளில் கனத்த ரெக்சின் பை. உள்ளே மிச்சமிருந்த ரூட்டர், கேபிள், மடிக்கணினி. உம்மாவிடம் லாத்தாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மட்டும் சொல்லியிருந்தான்.

"கெளம்பு. பாம்பனுக்குப் போறோம்."

"போயி?"

"கேக்கப் போறேன். என் வாயால, மாமி மொகத்தப் பாத்து."

"உங்க உம்மாவுக்குத் தெரிஞ்சா?"

"தெரியும்போது தெரியட்டும்லே. வா."

பேருந்து பாலத்தில் ஏறியதும் வழக்கம்போல எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். காற்று ஜன்னல் வழியாகப் பையைத் தடவிப் பார்த்தது. வடக்கே உள்ளூரார் பெண்கடல் என்கிற கடல், கோலம் போட்டுக் காயவிட்ட முற்றம் மாதிரி அசையாமல். தெற்கே ஆண்கடல் என்கிற கடல், எதையோ மறந்துவிட்டுத் தேடுகிறவன் மாதிரி புரண்டுகொண்டு. கீழே மீன்பிடி வள்ளங்கள் வாழைப்பூ மடல்களாகச் சிதறிக் கிடந்தன. எத்தனை தடவை கடந்தாலும் அந்த இடத்தில் எனக்கு நெஞ்சு ஒரு கணம் எடையிழக்கும். அவன் எதையும் பார்க்கவில்லை. மடியில் இருந்த பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தான்.

கதவைத் திறந்த லாத்தா எங்களையும் பையையும் பார்த்தாள். பார்த்ததும் புரிந்துகொண்டாள். கேட்டுவிடாதே என்று கண்ணாலேயே கெஞ்சினாள்.

கூடத்தில் கண்ணாடி ஷோகேஸ். அதன் நடுத்தட்டில், துபாய்க் கடிகாரத்துக்கும் மெக்கா படத்துக்கும் இடையே, ஊசிநூல் பின்னல் விரித்து, மேலே பிளாஸ்டிக் ரோஜா வைத்து, நம்முடைய ரூட்டர். பின்னால் சிவப்பும் வெள்ளையும் மஞ்சளுமாக டிவி ஒயர்கள் நுழைய இடம் கிடைக்காமல் தொங்கிக்கொண்டிருந்தன. நான் தரையைப் பார்த்தேன். அவனும் தரையைப் பார்த்தான். இரண்டு பேரும் நிமிர்ந்திருந்தால் வெடித்திருப்போம்.

மாமி வந்தார்கள். வாட்டசாட்டமான உடம்பு, அதைவிட வேகமான நாக்கு.

"வாங்க தம்பி. லாத்தா வூட்டுக்கு வழி இப்பத்தான் தெரிஞ்சுச்சாக்கும்? இது யாரு, சிநேகிதரா? உக்காருங்க, உக்காருங்க. தேத்தண்ணி போடச் சொல்றேன்."

தேத்தண்ணி வந்தது. குடித்தோம். மழையைப் பற்றிப் பேசினோம், பெய்யாத மழையை. இறால் வரத்தைப் பற்றிப் பேசினோம். அவன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"மாமி, ஒன்னு சொல்றேன், தப்பா எடுத்துக்கிறாதீக. அங்கன இருக்கே, அது டிவிடி இல்ல. எம் பொழப்பு. ஆபீசு சாமான். உம்மா தெரியாமக் குடுத்துட்டாங்க. அது ரெண்டும் சேந்து இருந்தாத்தான் எனக்கு அங்க வேல. இல்லேன்னா இந்தப் பயணத்தோட சரி."

லாத்தா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

மாமி மெதுவாக எழுந்து ஷோகேஸைத் திறந்தார்கள். ரோஜாவை எடுத்துத் தள்ளி வைத்தார்கள்.

"அதானே பாத்தேன்," என்றார்கள். "வாசலும் இல்ல, வாயும் இல்ல. டிவிடி தட்டத்த எங்க சொருகுறதுன்னு வந்தவுக போனவுக எல்லாரும் தடவிப் பாத்தாச்சு. பக்கத்து வூட்டு மாப்புள ஸ்க்ரூவ கழட்டப் பாத்தாரு, நாந்தான் வேணாமுன்னேன். வெளங்கலன்னு சொன்னா இந்தப் புள்ள வருத்தப்படுமே, தம்பி ஓட்டச் சாமானக் கொண்டாந்துட்டான்னு பேராயிருமேன்னு, ரோசாப்பூவ வச்சு மூடிட்டேன்."

"உங்க மவன் ஒன்னும் சொல்லலியா மாமி?" என்று லாத்தா கேட்டாள்.

"அவன் என்னத்தச் சொன்னான். போன் பண்ணுவான், உம்மா நல்லாருக்கீகளாம்பான், டிவிடி எப்படி இருக்கும்பான், நல்லாருக்குப்பாம்பேன். வச்சிருவான்."

அவ்வளவுதான். நாங்கள் பயந்த கதவு சாத்தியே இருக்கவில்லை. அவன் எழுந்து பெட்டியை எடுக்கக் கை நீட்டினான். மாமி தடுத்தார்கள்.

"இரு. வூட்டுக்கு வந்த பொருளு வேல செய்யாமயே வாசலத் தாண்டக் கூடாது. இங்கனயே வச்சு ஓட்டு. என்னதான் செய்யுதுன்னு நானும் பாக்குறேன். அப்பறம் எடுத்துட்டுப் போ."

பாயை விரித்தோம். இரண்டு ரூட்டரும் எதிரெதிரே உட்கார்ந்தன. பாம்பன் காற்றில் ஷோகேஸ் ரூட்டரின் பின்பக்கத் துளைகளில் அதற்குள் லேசாக உப்புப் பூத்திருந்தது, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தான். கேபிளைச் செருகினான். ப்ளக்கைப் போட்டதும் இரண்டு விசிறியும் செருமிக்கொண்டு மூச்சு விடத் தொடங்கின. மாமி கொஞ்சம் பின்னால் நகர்ந்தார்கள்.

அந்தக் கேபிளில் ஒரு முனை தாளம் போடும், மறுமுனை அதைப் பிடித்துக்கொண்டு ஓடும். தாளம் போடுகிற பக்கத்துக்கு வேகம் இன்னதென்று சொல்லிவிட வேண்டும். சொன்னான். இரண்டிலும் ஃபிரேம் ரிலே என்று தட்டினான். திரையில் ஒரு வரி: கம்பி உயிரோடு இருக்கிறது. அடுத்த வரி: பேச்சு இல்லை.

புத்தகத்தில் படித்தபடியே இந்தப் பக்கத்துக்கு ஓர் எண்ணும் அந்தப் பக்கத்துக்கு வேறோர் எண்ணும் கொடுத்திருந்தான். நடுவில் சுவிட்ச் இருந்தால் அது இந்த எண்ணை அந்த எண்ணாக மாற்றிக்கொடுக்கும். இங்கே மாற்றித்தர யார் இருக்கிறார்கள்? அதை அவனே கண்டுபிடித்து, தலையில் தட்டிக்கொண்டு, இரண்டுக்கும் ஒரே எண்ணைப் போட்டான். சரியான திருத்தம்தான். ஆனாலும் பேச்சு வரவில்லை.

கேபிளை மாற்றிச் செருகினோம். நான் கரண்டைக் குறை சொன்னேன், உப்பைக் குறை சொன்னேன், எழுந்து கூடத்தில் இரண்டு நடை நடந்தேன். பள்ளிவாசலில் பிற்பகல் தொழுகைக்கான அஸர் பாங்கு சொன்னார்கள். மாமி உள்ளே போய்த் தொழுதுவிட்டு வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார்கள். அவன் முதுகு வளைந்துகொண்டே போனது. மொட்டை மாடியில் அவனை நான் பார்த்ததில்லை. ஆனால் இப்படித்தான் வளைந்திருப்பான் என்று அந்த நேரத்தில் தோன்றியது.

ரொம்ப நேரம் ஒன்றும் தட்டாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு விரலால் ஒரு வரியைத் தொட்டான்.

"மாப்ள, இங்க பாரு. அனுப்புனது ஏறிக்கிட்டே போகுது. வந்தது பூஜ்யம்."

"அதான் பேசலியே."

"இல்லலே. இது அந்தப் பெட்டிக்கு அனுப்புனது இல்ல. நடுவுல சுவிட்ச் இருக்குன்னு நெனச்சு, 'இருக்கியா, இருக்கியா'ன்னு அதக் கேக்குது. அந்தப் பெட்டியும் அதையேதான் கேக்குது. பதிலு வரலன்னதும் ஆளே இல்லன்னு ரெண்டும் கதவச் சாத்திக்கிருது."

லாத்தா தேத்தண்ணி டம்ளர்களை எடுக்க வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ரெண்டும் கத்தாருக்கா போன் போடுது?" என்றாள்.

மாமி சிரித்த சிரிப்பில் ஷோகேஸ் கண்ணாடி அதிர்ந்தது. அவன் சிரிக்காமல் தட்டினான். நோ கீப்அலைவ். இந்தப் பெட்டியில் ஒரு தடவை, அந்தப் பெட்டியில் ஒரு தடவை. இல்லாதவனைக் கேட்காதே என்று அதற்கு அர்த்தம். திரையில் வரி மாறியது. கம்பி உயிரோடு இருக்கிறது. பேச்சும் இருக்கிறது.

இன்னும் நம்பாமல், இங்கிருந்து அங்கே கூப்பிட்டுப் பார்த்தான். ஐந்து கூப்பாடு, ஐந்துக்கும் பதில். அந்த ரூட்டர் ஒவ்வொரு பதிலுக்கும் ஓர் ஆச்சரியக்குறி போடும். அந்தக் கூடத்தில் யாரும் கத்தவில்லை, துள்ளவில்லை. ஆச்சரியப்பட்டது பெட்டி ஒன்றுதான். அவன் இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, அல்ஹம்துலில்லாஹ் என்று உதட்டுக்குள் சொன்னான். எனக்குள் அதுவரை யாரோ முறுக்கிப் பிடித்திருந்த ஒரு கயிறு சரசரவென்று அவிழ்ந்தது. அப்போதுதான் கூடத்துக்குள் கடல் சத்தம் கேட்பதையே கவனித்தேன். காலையிலிருந்து கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கும்.

"என்ன சொல்லுது?" என்று கேட்டார்கள் மாமி.

"இது அதக் கூப்புட்டுச்சு மாமி. அது வந்துட்டேன்னு சொல்லுச்சு."

"இதுக்குத்தானா இம்புட்டு நேரம்?"

"இதுக்குத்தான்."

"சரி, அழி. மொதல்லேருந்து பண்ணு. நாந்தான் அந்த எஞ்சினியரு. பாக்காமப் பண்ணு."

அழித்துவிட்டுச் செய்தான். மாமி கேபிளைப் பிடுங்கிவிட்டு "இப்ப?" என்றார்கள். மறுபடி செய்தான். லாத்தா அவன் முதுகுப் பக்கம் நின்று, "அந்த எஞ்சினியரு இம்புட்டு அழகா இருக்க மாட்டாருடா, பயந்துக்காத," என்றாள். வெயில் ஜன்னலைவிட்டு இறங்குகிற வரைக்கும் அழித்து அழித்துச் செய்தான். கடைசிக் கடைசியில் என்னோடு பேசிக்கொண்டே தட்டினான். விரல்கள் தாமாக வழி தெரிந்து போயின.

கிளம்பும் முன்னே மாமி தொண்டிக்கு போன் போட்டார்கள், நேரே உம்மாவுக்கு. "சம்பந்தி, பெட்டி நல்லா வேல செய்யுது. இது சோடி பிரிக்கிற சாமான் இல்லையாம்ல, தம்பி கைல குடுத்து விடுறேன். மொகத்தத் தூக்கி வச்சுக்கிறாதீக, எனக்கு ஒரு கொறையும் இல்ல." அந்தப் பக்கம் உம்மா என்ன சொன்னார்களோ, மாமி வெகுநேரம் தலையாட்டிக்கொண்டே இருந்தார்கள். வெறுங்கையாக அனுப்பக் கூடாது என்று ஒரு தூக்குச்சட்டி நிறைய நண்டுக்குழம்பு வேறு. பேருந்தில் அதை நான் மடியில் வைத்துக்கொண்டேன். அவன் இரண்டு ரூட்டரையும் வைத்துக்கொண்டு, பாலத்தின் நடுவில், வாயைத் திறந்தபடி தூங்கினான்.

அவன் சவுதிக்குத் திரும்பிய பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. யாராவது வகுப்பில் கேள்வி கேட்டால் இன்னொரு கேள்விக்குப் பதில் சொன்னேன். ஒருநாள் மதியம், நீளமான வெளிநாட்டு எண் ஒன்று திரையில் வந்தது.

"மாப்ள."

குரலை வைத்து ஒன்றும் தெரியவில்லை. அவன் எப்போதும் அப்படித்தான், நல்லதையும் கெட்டதையும் ஒரே சட்டியில் பரிமாறுவான்.

"சொல்லு," என்றேன்.

"பண்ணிட்டேன். எஞ்சினியரு பக்கத்துலயே நின்னு பாத்தாரு. நோ கீப்அலைவ் தட்டும்போது, ஏன்னு கேட்டாரு. நடுவுல ஆளில்ல சார்னு சொன்னேன். தோள்ல தட்டிட்டுப் போயிட்டாரு."

"போயிட்டாருன்னா?"

"போயி அட்டை வாங்கிட்டு வந்தாரு. உள்ள போற கதவுக்கு. இப்ப உள்ளதான் இருக்கேன்."

நான் ஜன்னலோரம் போய் நின்றேன். கீழே தெருவில் யாரோ நுங்கு சீவிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தே இருந்தேன்.

"ஏலே, இருக்கியா?"

"இருக்கேன்லே. எப்படி இருக்கு உள்ள?"

"மெஷினுக்காக வச்ச ஏசி மாப்ள, பல்லு கிட்டிக்குது. வர்ற வெள்ளிக்கிழம மொத வேலயா ஒரு ஸ்வெட்டர் வாங்கணும். சரி, வைக்கிறேன்."